நான் இங்கே பறக்கிறேன்!

இரண்டாமாண்டு பி.எஸ்சி. (இயற்பியல்) மாணவன்

வானம் எவ்வளவு பெரிது! அவ்வளவு பெரிய வானத்தில் இரண்டு சின்னஞ்சிறு விமானங்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்தா மோதிக்கொள்ளும்? சார்புத் திசைவேகம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது வகுப்பில் நண்பர் ஒருவர் எழுப்பிய கேள்வி இது. பேராசிரியர் விடை சொல்லவில்லை. "நீயே கணக்குப் போட்டுப் பாரப்பா" என்று சொல்லிக் கரும்பலகையை அழித்துவிட்டார். கேட்ட நண்பர் அன்றே மறந்துவிட்டார். எனக்குத்தான் அது மனத்தில் ஒட்டிக்கொண்டது. அதன் பின்னாலேயே சென்று, நூலகத்திலும் கணிப்பொறியிலும் தேடித் தேடி, கடைசியில் வட துருவத்துக்குப் பக்கத்திலுள்ள அலாஸ்கா வரை போய்ச் சேர்ந்தேன். அங்கே கண்டதை என் உடன் பயிலும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு சிறு விமானங்கள் எதிரெதிரே வருகின்றன என்று கொள்வோம். அவை நெருங்கும் வேகம் மணிக்கு 400 கிலோமீட்டர். அதாவது வினாடிக்கு 111 மீட்டர். எதிரே ஏதோ தெரிகிறது, அது விமானம், அது நம்மை நோக்கி வருகிறது, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று விமானியின் மூளை முடிவு செய்து, கை இயங்கி, விமானமும் திரும்புவதற்கு மொத்தம் 12.5 வினாடிகள் தேவை என்று அமெரிக்க விமானத்துறை கணித்து வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் இடைவெளி ஏறத்தாழ 1,400 மீட்டர் குறைந்துவிடும். ஆகவே 1,400 மீட்டர் தொலைவில் இருக்கும்போதே கண்ணில் பட்டிருக்க வேண்டும். நான்கு பேர் அமரும் செஸ்னா 172 விமானத்தின் இறக்கை நீளம் 11 மீட்டர். கையை நீட்டி ஓர் அளவுகோலைப் பிடித்துப் பார்த்தால், 1,400 மீட்டர் தொலைவில் அது 5 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய கோடு. மேகத்தின் வெண்மையிலோ மலையின் பச்சையிலோ கரைந்து நிற்கும் அந்தக் கோட்டைத்தான் விமானி கண்டுபிடிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சூழ்ச்சி ஒன்றும் உண்டு. நேர்கோட்டில், மாறாத வேகத்தில் செல்லும் இரு பொருள்கள் மோதப் போகின்றன என்றால், ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றது தெரியும் கோணம் மாறாது. திசையன் படம் வரைந்தால் இரண்டே நிமிடத்தில் நிரூபித்துவிடலாம். நம் கண்ணோ அசைவதைத்தான் சட்டென்று கண்டுகொள்ளும். மோதாமல் போகப்போகிற விமானம் கண்ணாடியில் நகர்ந்து செல்லும். மோதப்போகிற விமானம் கண்ணாடியில் ஒட்டிய பூச்சி போல அசையாமல் நின்று, கடைசிச் சில வினாடிகளில் மட்டும் திடீரென்று பெரிதாகும். அந்தப் பூச்சி கண்ணாடிச் சட்டத்தின் பின்னே மறைந்திருந்தால் கடைசிவரை மறைந்தே இருக்கும்.

இந்தத் திசையன் படத்தை நான் வீட்டுத் திண்ணையில் வரைந்துகொண்டிருந்ததை என் தந்தை பார்த்தார். அவர் விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதால், நான் எதை எழுதினாலும் ஒரு கணம் நின்று பார்ப்பார். படத்தை விளக்கினேன். "இதுக்குப் படம் வேறயா? ராத்திரியில ஒரு வெளக்கு முன்னயும் போகாம பின்னயும் போகாம ஒரே எடத்துல நின்னா, அது நம்ம மேலதான் வருதுன்னு அர்த்தம். பொடிப் பயலுக்கும் தெரியும்" என்றார். நான் மூன்று நாள் முயன்று அறிந்த தேற்றம் எங்கள் கரையில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது!

ராடார் இல்லாத ஊர்

கண்ணை நம்ப முடியாது; சரி, ராடார் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். ராடார் வானொலி அலையை அனுப்பி, மோதித் திரும்பும் எதிரொலியைக் கொண்டு இடத்தைக் கணிக்கிறது. பிற்பாடு வந்த இரண்டாம் வகை ராடார், "யார் நீ? என்ன உயரம்?" என்று அலைவழியே கேட்க, விமானத்திலுள்ள கருவி விடை சொல்லும். இரண்டுக்கும் நேர்ப்பார்வை வேண்டும். மலை குறுக்கே வந்தால் அலை நின்றுவிடும். தொலைவு கூடக்கூடப் பூமியின் வளைவே தாழப் பறக்கும் விமானத்தை மறைத்துவிடும். அன்றியும் ராடாரின் திரை தரையில் கட்டுப்பாட்டாளரின் முன்னால் இருக்கிறது. விமானியின் முன்னால் இல்லை.

அலாஸ்கா அமெரிக்காவின் மிகப் பெரிய மாநிலம். பரப்பு 17 இலட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போலப் பதின்மூன்று மடங்கு. மக்கள் தொகையோ ஏழரை இலட்சத்துக்கும் குறைவு. அங்கே பெரும்பாலான ஊர்களுக்குச் சாலையே கிடையாது. ஆங்கரேஜ் நகரத்திற்கு மேற்கே ஏறத்தாழ 640 கிலோமீட்டரில், குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் பெத்தல் என்றோர் ஊர் இருக்கிறது. ஆறாயிரம் பேர் வாழும் அவ்வூரிலிருந்துதான் சுற்றுப்புறத்து ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்குத் தபால், மாவு மூட்டை, மருந்து, பிரசவத்திற்குப் போகும் தாய், பந்தயத்திற்குப் போகும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் சிறு விமானத்தில் போய்வர வேண்டும். நமக்கு டவுன் பஸ் எப்படியோ, அவர்களுக்கு ஆறு பேர் அமரும் விமானம் அப்படி. எனவே விமானத்தை நிறுத்திவைப்பது என்பது அங்கே பேச்சுக்கே இடமில்லாதது. பனி படர்ந்த சமவெளியும் வெள்ளை வானமும் ஒன்றாய்க் கலந்து, தரை எது வானம் எது என்று தெரியாமல் போகும் நாட்களிலும் விமானம் பறந்தாக வேண்டியிருந்தது. தாழ்வான உயரங்களில் ராடாரும் எட்டாது. விபத்துகள் மலிந்தன. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1995-இல் அலாஸ்காவின் விமானப் பாதுகாப்பைப் பற்றித் தனி ஆய்வறிக்கையே வெளியிட வேண்டியதாயிற்று.

இதன் பிறகுதான் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம், சுருக்கமாக எஃப்.ஏ.ஏ., 'கேப்ஸ்டோன்' என்னும் திட்டத்தைப் பெத்தல் வட்டாரத்தில் தொடங்கியது. வணிக முறையில் ஓடும் சிறு விமானங்களில் அரசே தன் செலவில் ஒரு கருவித் தொகுப்பைப் பொருத்திக் கொடுத்தது. செயற்கைக்கோளைக் கொண்டு இடமறியும் கருவி ஒன்று. அந்த இடத்தை அலைவழியே உலகுக்குச் சொல்லும் கருவி ஒன்று. மற்றவர் சொல்வதையும், வானிலையையும், கீழுள்ள மேடு பள்ளங்களையும் வண்ணத்தில் காட்டும் திரை ஒன்று. 2001 ஜனவரி முதல் நாள் தொட்டு, பெத்தல் பகுதியில் இப்படித் தன் இடத்தைத் தானே அறிவித்த விமானங்களை, ஆங்கரேஜிலுள்ள கட்டுப்பாட்டாளர்கள் ராடாரில் காண்பது போலவே கண்டு வழிநடத்தத் தொடங்கினர். உலகில் அதற்கு முன் எங்கும் நடவாத ஒன்று, பெரிய நகரம் எதிலும் அல்லாமல், சாலையில்லாத ஓர் ஊரிலே தொடங்கியது.

தானே தன்னைச் சொல்லுதல்

இம்முறைக்கு ஏ.டி.எஸ்.-பி. என்று பெயர். யாரும் கேட்காமல் தானே இயங்கி, தன் இடத்தை எல்லோருக்கும் பொதுவாக ஒலிபரப்பும் கண்காணிப்பு முறை என்று பொருள் கொள்ளலாம். இதன் உயிர்நாடி இடமறியும் செயற்கைக்கோள்களாகும். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். கோள்கள் ஒவ்வொன்றும் அணுக்கடிகாரத்தின் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்தி வந்து சேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். மூன்று தொலைவுகள் தெரிந்தால் இடம் கிடைத்துவிடுமே, நான்காவது கோள் எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. நம் கையிலுள்ள கருவியின் கடிகாரம் மலிவானது. அது பத்து இலட்சத்தில் ஒரு வினாடி பிசகினாலும் தொலைவில் 300 மீட்டர் பிசகிவிடும். அந்தப் பிசகையும் ஓர் அறியாக் கணியமாக வைத்துத் தீர்க்க வேண்டியிருக்கிறது. நான்கு அறியாதவற்றுக்கு நான்கு சமன்பாடுகள்! மேனிலைப் பள்ளியில் வேண்டாவெறுப்பாகப் படித்த கணக்கு இங்கே மனித உயிரைத் தாங்கி நிற்கிறது.

அயனி மண்டலத்தில் அலை சற்றே தாமதிப்பதால் வரும் பிழையைத் திருத்துவதற்கென்று தரையில் நிலையங்கள் அமைத்து, திருத்தத்தை வேறொரு செயற்கைக்கோள் வழியே அனுப்புகிறார்கள். அமெரிக்கா 2003-இல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய 'ககன்' இதே வகையைச் சேர்ந்ததே.

இவ்வாறு அறிந்த இடத்தையும், வேகத்தையும், திசையையும், தன் அடையாளத்தையும் விமானம் வினாடிக்கு ஒரு முறை ஒலிபரப்புகிறது. உயரத்தை மட்டும் செயற்கைக்கோளோடு விட்டுவிடவில்லை. பழைய முறைப்படி காற்றழுத்தத்தைக் கொண்டு அளந்த உயரமும் செய்தியில் செல்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும் என்பது நாம் அறிந்ததே. உலகிலுள்ள விமானங்கள் யாவும் உயரத்தைக் காற்றழுத்தத்தால்தான் ஒப்பிட்டுக்கொள்கின்றன. ஒருவருக்கொருவர் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று சொல்ல எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் அல்லவா? இந்தச் சிறு செய்தியை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் ஆறு உயிர்கள் இதில் சிக்கியிருப்பதைக் காண்போம்.

கேப்ஸ்டோன் கருவி பொருத்திய விமானங்களின் விபத்து வீதம் 2000 முதல் 2004 வரையிலான காலத்தில் 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த வெற்றியைக் கண்டபின் 2010-இல் எஃப்.ஏ.ஏ. நாடு முழுமைக்கும் விதி செய்தது. பெரிய விமான நிலையங்களைச் சுற்றியும், 10,000 அடிக்கு மேலும் பறக்கும் விமானங்கள் 2020 ஜனவரி முதல் நாளுக்குள் தம் இடத்தை ஒலிபரப்பும் கருவியைப் பொருத்தியாக வேண்டும். மின்னாக்கி இல்லாமலே பிறந்த பழைய விமானங்களுக்கும், பலூன்களுக்கும், மிதவை விமானங்களுக்கும் சில விலக்குகள் உண்டு.

கேட்பவன் வேறு, பேசுபவன் வேறு

பத்தாண்டு அவகாசம் கொடுத்தும் சிறு விமானக்காரர்கள் விரைந்து வரவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஐம்பது ஆண்டு பழைய விமானம். அதன் விலையில் ஒரு பங்கைக் கருவிக்கே கொடுக்க வேண்டும். 2016-இல் எஃப்.ஏ.ஏ. 20,000 விமானங்களுக்குத் தலைக்கு 500 டாலர் உதவித் தொகை அறிவித்தது. பிறகு இறக்கை நுனியிலுள்ள விளக்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருத்தத்தக்க சிறு கருவிகளும் வந்தன. இது நல்ல யோசனை. துளை போட வேண்டாம், கம்பி இழுக்க வேண்டாம்.

ஆனால் விதியை ஊன்றிப் படித்தால் ஒன்று புலப்படும். ஒலிபரப்புவதுதான் கட்டாயம். மற்றவர் ஒலிபரப்புவதைக் கேட்கும் கருவி அவரவர் விருப்பம். விமானிகளில் சிலரோ இதைத் தலைகீழாகச் செய்தார்கள்: சில நூறு டாலருக்குக் கையடக்கமான கேட்புக் கருவியை வாங்கி, கைக்கணினியோடு இணைத்து, "எனக்கு எல்லாரும் தெரிகிறார்கள்" என்று திருப்தியடைந்தார்கள். இதில் இரண்டு ஏமாற்றங்கள் இருக்கின்றன.

அமெரிக்காவில் ஏ.டி.எஸ்.-பி. இரண்டு அலைவெண்களில் பேசப்படுகிறது. பெரிய விமானங்கள் உலகெங்கும் பயன்படும் 1090 மெகாஹெர்ட்சில் பேசும். 18,000 அடிக்குக் கீழே பறக்கும் சிறு விமானங்கள் 978 மெகாஹெர்ட்சிலும் பேசலாம். ஒரு மொழிக்காரருக்கு மற்றவர் மொழி தெரியாது. அதற்காகத் தரை நிலையங்கள் துபாஷியாக இருந்து, ஒன்றில் கேட்டதை மற்றதில் திருப்பிச் சொல்கின்றன. ராடாரில் மட்டும் தெரியும் பழைய விமானங்களையும் சேர்த்துச் சொல்கின்றன. ஆனால் யாருக்குச் சொல்கின்றன? தன் இடத்தை ஒலிபரப்பும் விமானத்துக்குத்தான். அதைச் சுற்றி ஏறத்தாழ 28 கிலோமீட்டர் ஆரமும், மேலும் கீழும் 3,500 அடியும் கொண்ட ஓர் உருளைக்குள் இருப்பவற்றை மட்டும் சொல்லும். கேட்புக் கருவி மட்டும் வைத்திருப்பவர் பக்கத்திலுள்ள வேறொருவருக்கான உருளையின் ஓரத்தைத்தான் காண்கிறார். அவர் திரையில் நாலைந்து விமானங்கள் அழகாக நகரும். அந்த நாலைந்தோடு வானம் முடிந்துவிட்டது என்று அவர் நம்பிவிடுவார். ஒன்றுமே காட்டாத திரையைவிடப் பாதி காட்டும் திரை ஆபத்தானது என்பது என் எண்ணம். ஒன்றும் தெரியாவிட்டால் கண்ணாவது வெளியே பார்க்கும்.

வானிலைச் செய்தியிலும் இதே சிக்கல் உண்டு. 978 மெகாஹெர்ட்சில் மழை ராடார் படங்களும், விமான நிலையங்களின் காற்று, மேகம், பார்வைத் தூரம் பற்றிய அறிக்கைகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இதற்கு முன் வானொலியில் ஒருவரைக் கேட்டு, காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்த விமானிக்கு இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் பல ராடார்களின் படங்களை ஒட்டி ஒரே படமாக்கி அனுப்புவதற்கு நேரமாகிறது. திரையின் மூலையில் "1 நிமிடம் முன்பு" என்று எழுதியிருக்கும். அது ஒட்டி முடித்த நேரம், மழை பெய்த நேரமன்று. உண்மை வயது அதைக் காட்டிலும் சில வேளை 15 முதல் 20 நிமிடம் வரை கூடுதலாக இருக்கலாம் என்று பாதுகாப்பு வாரியம் 2012-இல் எச்சரித்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் இடிமழை 20 நிமிடத்தில் 20 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். படத்தைப் பார்த்து இரு மழைகளுக்கு இடையே புகுந்து போக நினைப்பவர், மூடிவிட்ட வாசலை நோக்கிப் பறக்கிறார்.

கெச்சிக்கன்

இனி நான் சொல்ல வந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். 2019 மே 13-ஆம் நாள். அலாஸ்காவின் தென்கிழக்கில் கெச்சிக்கன் என்னும் துறைமுக ஊர். உல்லாசக் கப்பலில் வந்த பயணிகள் மலையும் கடற்கழியும் சூழ்ந்த இயற்கைக் காட்சியைக் காண நீர்விமானங்களில் ஏறிச் சென்றனர். பகற்பொழுது. பறப்பதற்கு ஏற்ற வானிலை. விமானியோடு பதினொரு பேரை ஏற்றிய ஆட்டர் வகை விமானம் ஒன்று. ஐந்து பேரை ஏற்றிய பீவர் வகை விமானம் ஒன்று. இரண்டும் திரும்பிக்கொண்டிருந்தன. ஏறத்தாழ 3,350 அடி உயரத்தில் இரண்டும் மோதின. பீவரிலிருந்த ஐவரும், ஆட்டரில் ஒருவரும் மாண்டனர். பத்துப் பேர் காயமுற்றனர்.

இரண்டு விமானங்களிலும் ஏ.டி.எஸ்.-பி. இருந்தது. கருவி இல்லாமல் விபத்து நடந்தால் துக்கப்படலாம். கருவி இருந்தும் நடந்தால் யோசிக்க வேண்டும்.

பாதுகாப்பு வாரியம் வெளியிட்ட அறிக்கையைக் கைப்பேசியிலேயே சில இரவுகள் படித்தேன். ஆங்கிலம் தடுக்கிய இடங்களில் அகராதியைப் புரட்டினேன். முதற்கண், கண். மோதலுக்கு முந்தைய கடைசிப் பதினொரு வினாடிகள் பீவர் விமானம் ஆட்டர் விமானியின் கண்ணுக்குக் கண்ணாடிச் சட்டத்தின் பின்னே மறைந்திருந்தது. நான் திண்ணையில் வரைந்த படம்! கோணம் மாறாததால் மறைந்தது மறைந்தபடியே வந்திருக்கிறது. பீவர் விமானிக்கும் தம் விமானத்தின் உறுப்புகளே ஆட்டரை மறைத்தன.

அடுத்து, திரை. ஆட்டர் விமானி மோதலுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்பு திரையைப் பார்த்தார். தம் வழியில் எவரும் இல்லை என்று கண்டு மீண்டும் வெளியே பார்த்துப் பறந்தார். காட்சி காட்டும் விமானி வெளியே பார்ப்பதுதானே முறை? அப்படியானால் ஆபத்து நெருங்கும்போது கருவி ஒலியெழுப்பி அவரைக் கூப்பிட வேண்டும். கேப்ஸ்டோன் காலத்துக் கருவியில் அந்த எச்சரிக்கை இருந்தது. 2020 விதிக்குப் பொருந்தும்படி பழைய கருவிகளைப் புதுப்பித்தபோது அந்த எச்சரிக்கை வசதி சேர்க்கப்படாமல் விடுபட்டுப் போயிற்று. புதியது பழையதைவிட ஊமையாக இருந்தது.

பீவர் விமானியிடம் எச்சரிக்கக்கூடிய செயலி இருந்தது. அது ஏன் ஒலிக்கவில்லை? ஆட்டர் விமானம் தன் இடத்தை ஒலிபரப்பியது. ஆனால் காற்றழுத்த உயரத்தை ஒலிபரப்பவில்லை. அதற்குரிய கட்டுப்பாட்டுக் கருவியின் திருகு அணைந்த நிலையில் இருந்தது. உயரம் தெரியாத ஒன்று மோதுமா மோதாதா என்று செயலியால் தீர்மானிக்க முடியாது. எனவே வாய் மூடி இருந்துவிட்டது. பறப்பதற்கு முன் சரிபார்க்கும் பட்டியலில் இத்திருகு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் வரி போதிய அளவு இல்லை என்பதையும் வாரியம் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஒருவர் பேசினார், பாதி பேசினார். மற்றவர் கேட்டார், பாதி கேட்டார்.

இதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 2016 அக்டோபர் 2-ஆம் நாள், அதே மாநிலத்தின் தென்மேற்கில் குவின்ஹகாக்கிலிருந்து டோகியாக் நோக்கிச் சென்ற செஸ்னா 208 விமானம் மேகத்தில் புகுந்து மலையில் மோதி மூவர் இறந்தனர். மலை நெருங்குகிறது என்று கூவும் கருவி அதிலும் இருந்தது. ஆனால் அங்குள்ளோர் தாழ்வாகவே பறப்பவர்கள். கருவி எதிர்பார்க்கும் உயரத்தைவிடத் தாழ்வாகப் பறக்க அவர்களுக்கு அனுமதியும் இருந்தது. ஆகவே அக்கருவி ஆபத்து இல்லாதபோதும் ஓயாமல் கூவும். தொல்லை தாங்காமல் அதன் வாயை அடைத்துப் பறப்பது வழக்கமாகியிருந்தது. இதில் விமானியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து முறை பொய்யாகக் கூவும் கருவியைப் பதினோராம் முறை நம்பு என்று சொல்வது எளிது. அதை நாள்தோறும் காதருகே வைத்துக்கொண்டு வேலை செய்வது வேறு. கருவியை வடிவமைப்பவர் ஒரு வாரமாவது பெத்தல் போன்ற ஊரில் தபால் விமானத்தில் போய்வர வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

கெச்சிக்கன் விபத்தை விசாரித்த வாரியம், காட்சி விமானங்கள் நெருங்கிப் பறக்கும் இடங்களில் ஒலிபரப்பும் கருவி, கேட்கும் கருவி, எச்சரிக்கும் வசதி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்று 2021-இல் எஃப்.ஏ.ஏ.வுக்குப் பரிந்துரை செய்தது. விதி இதுவரை கேட்டது முதலாவதை மட்டுமே என்பதை மேலே பார்த்தோம்.

இவற்றையெல்லாம் எழுதி முடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தந்தைக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு விமானம் புதிது. ஆனால் விஷயம் புதிதல்ல. கடலிலே பெரிய கப்பல்கள் இதே முறையில் தம் இடத்தை வானொலியில் சொல்லிக்கொண்டே போகின்றன. 2004-ஆம் ஆண்டின் முடிவுக்குள் உலகம் முழுவதும் அது கட்டாயமாகிவிட்டது. என் தந்தை வேலை செய்யும் படகிலும் உரிமையாளர் சென்ற ஆண்டு ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறார். அது கப்பல்களைத் திரையில் காட்டும். படகைக் கப்பலுக்குக் காட்டாது. கேட்கும் பெட்டி, பேசும் பெட்டி அன்று.

"கப்பல் வர்றது நமக்குத் தெரியுது. நாம வலை போட்டுக் கெடக்குறது அவனுக்குத் தெரியாது. அப்படித்தானே?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா."

"நாமதான் ஒதுங்கணும். வலையோட எப்படிடா ஒதுங்குறது?" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கப்பல் கிட்ட வந்தா அந்தப் பெட்டி சத்தம் போடும்னு சொன்னாங்க. நான் ஒரு நாளும் கேட்டதில்லையே" என்றார்.

மறுநாள் படகு கரையில் நின்றபோது என்னையும் அழைத்துக்கொண்டு போனார். நான் பெட்டியைத் தட்டித் தட்டி, பட்டியலுக்குள் பட்டியலாகப் போய் எச்சரிக்கை ஒலி என்னும் இடத்தைக் கண்டுபிடித்தேன். அது அணைக்கப்பட்டிருந்தது. படகின் டிரைவர் அண்ணன் சிரித்துக்கொண்டே, "ராத்திரி முழுக்கக் கத்துது தம்பி, எவனையும் தூங்க விடல" என்றார். எவ்வளவு தூரத்தில் கப்பல் வந்தால் கத்த வேண்டும் என்பதை அந்தப் பெட்டியில் மாற்றி வைக்கலாம். அது அவருக்குத் தெரியாது. எனக்கும் அன்றுதான் தெரிந்தது. எத்தனை கடல் மைல் என்று வைப்பது என்பதில் அவருக்கும் என் தந்தைக்கும் வாக்குவாதம் வந்தது. கடைசியில் இரண்டு என்று வைத்து, ஒலியைத் திறந்துவிட்டு வந்தோம்.